பேச்சு நின்றால் கரையேறு

ஜனவரி 8, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைப் பதிவேடுகளில் பாதிதான் திருத்தியிருக்கிறேன்.

மதியம் ஆசிரியர் அறையில் ஒரே முதலைப் பேச்சு. பழைய கொள்ளிடத்தில் காலையில் இறால், இந்த ஊர்ப் பேச்சில் எறா, தடவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை முதலை பிடித்துவிட்டதாம். பதினெட்டு அடி நீளம் என்றார் தமிழாசிரியர். அவர் பார்க்கவில்லை. பார்த்தவர் யாரென்றும் தெரியவில்லை. நம் ஆறுகளில் இருக்கும் முதலை அவ்வளவு நீளம் வளர்வது அபூர்வம் என்றேன். "விலங்கியல் டீச்சருக்கு மொதல மேலதான் அனுதாபம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பதிவேடுகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

முதலை பிடித்தது அஞ்சலாட்சியை. பூங்காவனத்தின் அக்கா. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. உயிர் இருக்கிறது, சிதம்பரத்தில் மருத்துவமனையில் இருக்கிறாள்.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருடமாகிறது. என் வாசலுக்குத் தவறாமல் வருகிறவள் பூங்காவனம் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எறா கொண்டுவருவாள். வாங்குவேன். இரண்டு வார்த்தை பேசுவாள், நான் ஒரு வார்த்தை சொல்வேன். அவ்வளவுதான் பழக்கம்.

ஜனவரி 12, ஞாயிறு

எறா இல்லாமல் வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன், "சேறாயிரும் டீச்சர்" என்றாள். காலில் சேறு இல்லை.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"கண்ணத் தொறந்து பாத்துச்சி. மொத கேள்வி என்னா தெரியுமா? 'என் பறி எங்கடி'ங்குது. கையே போச்சே அக்கான்னு நான் அழுவுறன், அது பறியத் தேடுது."

பறி என்பது ஓலையில் முடைந்த சிறு பை. கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவும்போது அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கையில் அகப்படும் எறா அப்படியே பைக்குள் போகும். ஆகவே தண்ணீரில் இருக்கும் யாராலும் பேச முடியாது. குனிந்த தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கவும் முடியாது.

"அப்ப முதலை வந்தா எப்படித் தெரியும்?"

"கரையில ஒருத்தி உக்காந்து பேசிகிட்டே இருப்பா டீச்சர். எங்க வூட்டுல அதான் வழக்கம்."

"என்ன பேசுவாங்க?"

"எதனா. பேச்சா முக்கியம்? சத்தம் வந்துகிட்டே இருந்தா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். நின்னுச்சா, எழுந்து ஓடியாந்துருவோம்."

ஆபத்தென்றால் கத்தினால் போதாதா என்று கேட்டேன்.

"மொதலயப் பாத்தா யாருக்குக் கத்த வரும்? எங்க மாமியாருக்கு ஒரு வாட்டி தொண்ட அடச்சிக்கிச்சி. காத்துதான் வந்துச்சாம். அதுலேருந்துதான் இப்பிடி. நிறுத்துறதுக்குத் தொண்ட வேணாம் பாருங்க."

கரையில் உட்கார்ந்து பேசுகிறவளுக்கும் ஒரு பங்கு உண்டு, தண்ணீரில் இறங்கியவளுக்கு உள்ள அதே அளவு. மார்கழியில் எறா குறைந்துபோனது. மூன்று பேர் தடவியதை நாலாகப் பிரித்தால் என்ன மிஞ்சும் என்று பேச்சுக்காரியை நிறுத்திவிட்டு எல்லோருமாக இறங்கியிருக்கிறார்கள். "சும்மா உக்காந்து வாயாடுறவளுக்கு எதுக்குடி பங்கு" என்று முதலில் சொன்னது அஞ்சலாட்சிதானாம்.

இதைச் சொல்லிவிட்டுப் பூங்காவனம் எழப் போனாள். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்த டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு டம்ளர் அரிசியில் வைத்தேன். இரண்டு தொலைபேசி அழைப்புகள், இரண்டும் பழைய மாணவர்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கிராம சபைக் கூட்டம். பள்ளியில் கொடியேற்றியதும் தலைமையாசிரியர் என்னை அனுப்பிவைத்தார். முதலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

வனத்துறைக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஒரு படித்துறையைச் சுற்றி இரும்பு வலைத் தடுப்பு அமைக்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது, இடத்தை ஊரார் சொல்லலாம் என்றார். ஊராட்சித் துணைத் தலைவர் தனவேல், யாரும் வாய் திறக்கும் முன், ஊர்ப் படித்துறை என்றார். படித்துறை இருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் இருக்கிறது. படித்துறையில் குளிப்பவர்களை நான் பார்த்ததில்லை. டிராக்டர் கழுவுகிறார்கள்.

நான் பேசினேன். முதலைகள் புதிதாக வந்தவையல்ல. ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். வெயில் காலத்தில் மடுக்களில் சேரும், கரையில் முட்டையிடும் பருவத்தில் கோபம் அதிகம். ஆற்றில் இறங்காமல் இருப்பது ஒன்றுதான் முழுப் பாதுகாப்பு. இதில் எதுவும் தவறில்லை.

பின்வரிசையில் பூங்காவனமும் அவள் மருமகள் மேகலாவும் நின்றுகொண்டிருந்தார்கள். "அப்ப நாங்க எங்கதான் தடவுறது?" என்று மேகலா கேட்டாள்.

"உசுரு முக்கியமா எறா முக்கியமாம்மா?" என்றார் தனவேல். "மொதலயப் பத்திப் படிச்சவங்களே சொல்லிட்டாங்க. இனிமே ஆத்துல எறா தடவக் கூடாது. மீறினா நடவடிக்கை. எழுதிக்குங்க கிளார்க்கு."

கைதட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை. திரும்பிப் பார்த்தபோது பின்வரிசையில் அவர்கள் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு முதலையைப் பிடித்துவிட்டார்கள். வாயைக் கயிற்றால் கட்டி, கண்ணுக்கு ஈரச் சாக்குப் போட்டு, வண்டியில் ஏற்றுவதற்குள் ஊரே கூடிவிட்டது. நாடா வைத்து அளந்தார்கள். ஒன்பது அடியும் கொஞ்சமும். தமிழாசிரியர் என்னைப் பார்த்து, "இது குட்டி டீச்சர், பெருசு உள்ள இருக்கு" என்றார். அவருக்குத் தோல்வி என்பதே கிடையாது.

வண்டி ஏரிப் பக்கம் போனது. அங்கே விட்டுவிடுவார்களாம். ஏரியும் ஆறும் வெள்ளக் காலத்தில் ஒன்றாகிவிடும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பூங்காவனம் கூட்டத்தில் இருந்தாள். முகமே மாறியிருந்தது. "புடிச்சிட்டாங்கல்ல டீச்சர், இனிமே பயமில்ல."

"ஆத்துல இது ஒண்ணுதானா?"

"அக்கா கையக் கடிச்சது இதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, திருட்டு மூஞ்சி."

சாக்கு மூடிய முகத்தில் எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. முதலைகளின் முகத்தில் நான் இதுவரை எதையும் படித்ததில்லை என்றேன். "நீங்க பொஸ்தகத்துலதான படிப்பீங்க" என்று சிரித்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததால் மேலே வாதாடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே எறா கொண்டுவந்தாள். வழக்கமாகப் பத்து மணிக்கு மேல் ஆகும். எறா முந்தைய நாளுடையது, ஐஸ் போட்டிருந்தது.

"எப்பத் தடவினீங்க?"

எறாவை அள்ளி அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள்.

"பூங்காவனம்."

"பொழுது சாஞ்சிதான். தனவேல் ஆளுங்க டீக்கடைக்குப் போனப்புறம் எறங்குவோம்."

"கரையில யாரு?"

"இருட்டிப் போச்சின்னா கரையில உக்காந்து என்னாத்தப் பாக்குறது? பாக்காம பேசுனா அது பொய்யில்ல?"

அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளைக் கரையில் உட்காரவைக்கலாமே என்றேன். முயன்று பார்த்தார்களாம். ஆற்றைப் பார்த்ததும் ஒரு சொல் வரவில்லை. குறைக் கையைச் சேலையால் மூடிக்கொண்டு மணலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். ஆண்கள் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள், சித்திரையில்தான் வருவார்கள்.

முதலை பெரும்பாலும் இரை தேடுவது அந்தி சாய்ந்த பிறகுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். எறா வாங்கிக்கொண்டேன். மதியம் சமைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பகலில் இறங்குவது ஆபத்து. இருட்டில் இறங்குவது அதைவிட ஆபத்து. இறங்காமல் இருப்பது என்ற ஒன்று அவர்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. நான் மேடையில் பேசியது அந்த மூன்றாவதைப் பற்றி மட்டும்தான்.

பிப்ரவரி 15, சனி

தனவேலை ஊராட்சி அலுவலகத்தில் பார்த்தேன். அந்தப் பெண்கள் எப்படியும் இறங்குகிறார்கள், இருட்டில் இறங்குவதற்குப் பதில் பகலில் வற்றத்தின்போது, கடல் உள்வாங்கி ஆற்று நீர் குறையும் நேரத்தில், இறங்கட்டும், கரையில் காவலுக்கு ஆள் இருக்கும் என்றேன்.

"ஏங்க டீச்சர், போன மாசம் எறங்காதீங்கன்னீங்க. இந்த மாசம் எறங்கட்டுங்கறீங்க. அடுத்த மாசம் நீங்களே எறங்கிருவீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

"காவலுக்கு யாரு?"

"சனி, ஞாயிறு நான் இருப்பேன். மற்ற நாளில் அவங்களே ஒருத்தர்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி இல்லை, ஏதோ கணக்கு. "எதனா ஆச்சின்னா பேப்பர்க்காரன் எங்கிட்டதான் வருவான்."

"என் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கவா?"

"வேணாம் வேணாம். நான் அந்தப் பக்கமே போவல, பாக்கல. பாக்காததுக்கு எதுக்கு எழுத்து?" வாசல்வரை வந்து வழியனுப்பினார். "ஒங்க வூட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

யாரும் சொல்ல மாட்டார்கள் என்றேன்.

பூங்காவனத்திடம் சொல்லப் போனபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நீங்களா? பேசிகிட்டே இருக்கணும் டீச்சர்!"

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் நாள். வற்றம் காலை வெயிலோடு வந்தது. பூங்காவனம், மேகலா, அஞ்சலாட்சியின் மகள் சித்ரா மூவரும் இறங்கினார்கள். எனக்குக் கரைமேட்டில் ஒரு இடம் காட்டினார்கள். அங்கிருந்து எதிர்க்கரை நாணல், வளைவு, நடுவில் ஒரு மணல் திட்டு எல்லாம் தெரியும். குடை கொண்டுபோனது நல்லதாயிற்று.

மூன்று தலைகள் தண்ணீரில் குனிந்ததும் எனக்குப் பேச எதுவும் தோன்றவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து மண்புழுவின் செரிமான மண்டலத்தை ஆரம்பித்தேன். வாய், தொண்டை, உணவுக்குழல், அரைவைப்பை. வகுப்பில் வருவதுபோல் சரளமாக வந்தது. அதை முடித்து, கரப்பான்பூச்சியில் பாதி போயிருப்பேன். மேகலா பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"டீச்சர், பாடம் நடத்தாதீங்க. தூக்கம் வருது. தண்ணியில தூங்குனா செத்துருவம்."

"பேசக் கூடாது, பறியைக் கடி."

"இதான் இஸ்கூலுலயும் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுக் கடித்துக்கொண்டாள். அவள் என்னிடம் படித்ததில்லை. ஆனாலும் சரிதான்.

பிறகு வாய்ப்பாடு சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில் தடுமாறினேன், அரை நொடி. மூன்று தலைகளும் நிமிர்ந்தன. எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்தைந்து வருட வகுப்புகளில் என் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை.

முடிந்ததும் ஒரு பங்கு கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். பூங்காவனம் கோபித்துக்கொண்டாள். "பங்கு வாங்காதவள நம்பி எப்பிடி எறங்குறது? நாளைக்கு வெயிலாயிருக்குன்னு வராம நின்னுட்டா?" வாங்கிக்கொண்டேன். தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆசிரியர் அறைக்குச் செய்தி வந்துவிட்டது. "முதலைக்கே பாடம் எடுக்கறீங்களாமே" என்றார் தமிழாசிரியர்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்றும் இன்றும் போனேன். நேற்று ஒரு சினிமாக் கதை சொன்னேன். முடிவு மறந்துவிட்டது, நானே ஒன்று வைத்தேன். பறியைக் கடித்தபடியே மூவரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இன்று என் ஹாஸ்டல் நாட்கள், அங்கே சாம்பாரில் கிடந்த பல்லி, வார்டனின் பொய்முடி. பூங்காவனத்தின் தோள் குலுங்கியது. சிரித்தால் எறா நழுவிவிடும் என்று பிறகு திட்டினாள்.

மணல் திட்டில் ஒரு முதலை வெயில் காய்ந்தது, இளையது, ஐந்தடி இருக்கும். அவர்கள் இறங்கும் முன்பே பார்த்துவிட்டதால் வேறு இடத்துக்கு நடந்தோம். "அது சின்னப் புள்ள" என்றாள் பூங்காவனம். "பெருசத்தான் புடிச்சிட்டாங்களே." பெரிதும் சின்னதும் பலவாக இருக்கலாம் என்றேன். நான் ஆற்றை நம்பாதது அவளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவள் நம்புவது எனக்கு வேடிக்கையாக இல்லை.

மார்ச் 1, சனி

சொல்ல எதுவும் மிச்சமில்லை. குடும்ப விஷயம் கொஞ்சம் சொன்னேன். விவரம் இங்கே தேவையில்லை.

பூங்காவனம் பறியை எடுத்தாள். "அந்தப் பொம்பளயும் காலேஜ் டீச்சரா?"

"ஆமாம். பறியைக் கடிங்க."

"பதினோரு வருசமாவா அவன் தஞ்சாவூருல அவகூட இருக்கான்? விவாகரத்தும் குடுக்காம?"

"நானும் கேட்கலை. பறி."

சித்ரா வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அவள்கூட எடுத்தாள். "அந்த ஆளு பொட்டியத் தூக்கிகிட்டுப் போறப்ப நீங்க என்னா பண்ணிகிட்டு இருந்தீங்க?"

"விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்" என்றேன். அதுதான் உண்மை. அவர் வாசலில் நின்று செருப்புப் போடும்போது நான் ஒரு பையனுக்கு ஏழா எட்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்ன பிறகு அடுத்த வாக்கியம் வரவில்லை.

தண்ணீர் கிழிந்ததுபோல் ஒரு சத்தம். மூவரும் சேற்றில் விழுந்து எழுந்து கரைமேட்டுக்கு ஓடிவந்தார்கள். "எங்க? எந்தப் பக்கம்?" மேகலாவின் முழங்காலில் கிளிஞ்சல் கிழித்து ரத்தம்.

"ஒன்றுமில்லை" என்றேன். "யோசித்துவிட்டேன்."

"யோசிச்சீங்களா! வூட்டுல போயி யோசிங்க டீச்சர்!"

மூன்று பேர் உழப்பியதில் சேறு கலங்கி எறா உள்ளே போய்விட்டது. வற்றம் முடியும்வரை அந்த இடத்தில் எதுவும் கிடைக்காது. இன்றைய உழைப்பு பாதியோடு போயிற்று. மேகலா என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

பூங்காவனம் பின்னால் என்னோடு வந்தாள். வெகுதூரம் வந்த பிறகு, "அழுவுறதுன்னாலும் சத்தம் போட்டு அழுவுங்க" என்றாள். "நாங்க பாட்டுக்குத் தடவிகிட்டு இருப்போம்."

நான் அழவில்லை. வெயிலில் கண் கூசியது.

மார்ச் 3, திங்கள்

பொதுத்தேர்வு ஆரம்பம். வேறு பள்ளியில் மேற்பார்வைப் பணி. மூன்று மணி நேரம் பேசாமல் நடந்தேன். முன்பு இது எனக்குப் பிடித்த வேலை.

மார்ச் 8, சனி

போகவில்லை. மேகலா கரையில் உட்கார்ந்துகொள்வாள், என்னை நம்பி இறங்குவதைவிட அது மேல். துணி துவைத்தேன். பரணில் இருந்த பெட்டிகளை ஒழுங்கு செய்தேன்.

மாலையில் பூங்காவனம் வந்தாள். எறா ஒரு கைப்பிடிகூட இல்லை.

"நீங்க வராததால ரெண்டு பேருதான் எறங்குனோம். மேகலா பேசுறா பேசுறா, எல்லாம் எங்க மவனப் பத்தின கொற. மாமியாக்காரி தண்ணியில உக்காந்து எம்மாந்நேரம் அதக் கேக்குறது? வாயில பறி வேற!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் ஒருமுறை வீணாக நிறுத்தினேன். மறுபடியும் அப்படி ஆகலாம்."

"ஆவட்டும். ஒரு நாளு எறா போவும், அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டு யோசித்தாள். "அடிக்கடி ஆவக் கூடாது. அடிக்கடி ஆனா நாங்க நிமிர மாட்டோம். அதான் பயம்."

இது நியாயமான பயம். எனக்கும் ஒரு வாரமாக அதுதான். வீணாக நிறுத்துகிற குரலை நாலாவது முறை யாரும் மதிக்க மாட்டார்கள். நிறுத்தத் தயங்குகிற குரலுக்கு நாலாவது முறை என்பதே இருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று ஒன்றும் நடக்கவில்லை. இன்று வற்றம் முற்பகலில். மணல் திட்டில் எதுவும் இல்லை. எதிர்க்கரை நாணலில் இரண்டு கொக்குகள். மூவரும் இறங்கினார்கள். மேகலா கொஞ்சம் தள்ளி, வளைவுப் பக்கம் இருந்தாள். அங்கேதான் எறா பெரிது என்று போன வாரமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கே விட்டேன் என்று அவர்களே நினைவுபடுத்தியிருந்தார்கள். அவர் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாளில் புத்தகங்களை எடுக்க வந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது, குடையை மடக்கும் சத்தத்திலேயே யாரென்று எனக்குத் தெரிந்தது என்பதுவரை வந்திருந்தேன்.

வளைவுக்கு அப்பால் தண்ணீரில் இரண்டு மேடுகள். ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று சிறிது. அவற்றுக்கிடையே ஒரு முழ இடைவெளி. முதலையின் கண்ணும் மூக்கும் மட்டும் மேலே தெரிந்தால் அப்படித்தான் இருக்கும், பனைமட்டை மிதந்து வந்தாலும் அப்படித்தான். இந்த ஆற்றில் மட்டையும் தென்னம்பாளையும் நாள்தோறும் வருகின்றன. நான் பேச்சை நிறுத்தவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். ஆகாயத்தாமரை ஒரு கொத்து கடல் பக்கம் நகர்ந்து அந்த மேடுகளைத் தாண்டிப் போனது. மேடுகள் நகரவில்லை. மிதப்பதென்றால் நகர வேண்டும். ஆனால் சேற்றில் குத்தி நிற்கும் மட்டையும் நகராது. மணி மறுபடி அடித்தது என்று சொன்னேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது மேடுகள் அங்கே இல்லை.

இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கண் கூச்சத்தில் இடம் தவறிப் பார்த்திருக்கலாம். மட்டை சாய்ந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நான் எப்போதும் நினைப்பேன். தெரியாமல் ஒன்றைச் சொல்லக் கூடாது.

அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. குடை, கதவு, மழை என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று பெண்கள் தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது கதை மட்டுமில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் ஒவ்வொரு சொல்லாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாது. தெரியாததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாதிச் சொல்லில் நிறுத்தினேன்.

பூங்காவனமும் சித்ராவும் உடனே எழுந்துவிட்டார்கள். மேகலாவும் எழுந்தாள், ஆனால் வளைவில் சேறு ஆழம். ஒரு கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. வாயிலிருந்து பறி விழுந்தது. அவள் கையை நீட்டினாள், சத்தம் வரவில்லை. அவர்கள் சொன்னது உண்மைதான், அந்த நேரத்தில் தொண்டை உதவாது. நான் கரைமேட்டிலிருந்து இறங்கியது நினைவில்லை. தண்ணீர் என் முழங்காலுக்கு மேல் இருந்ததும் அவள் மணிக்கட்டு என் இரண்டு கைகளிலும் இருந்ததும் நினைவிருக்கிறது. பூங்காவனம் பின்னாலிருந்து என் இடுப்புச் சேலையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் ஒருவர்மேல் ஒருவராகக் கரையில் விழுந்தோம்.

மேகலா நின்றிருந்த இடத்தில் தண்ணீர் ஒருமுறை புரண்டது. அடியிலிருந்து சேறு கொப்பளித்துச் சுழன்றது. பிறகு அடங்கிவிட்டது. பறி கொஞ்ச தூரம் மிதந்து மூழ்கியது. மேகலாவின் கால் பிடுங்கி வந்த குழிதான் அப்படிச் சுழன்றது என்று சொல்லலாம். அங்கே பெரிய கொடுவா மீனும் வரும். நனைந்த ஓலைப் பை எப்படியும் மூழ்கும்.

வெகுநேரம் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வரவில்லை. நாணலில் கொக்குகள் இல்லை, எப்போது போயின என்று நான் கவனிக்கவில்லை.

"மொதலயா டீச்சர்?" என்றாள் பூங்காவனம்.

"தெரியலை."

மேகலா பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். "தெரியாமயா நிறுத்துனீங்க?"

"தெரியாததால்தான் நிறுத்தினேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். பறி போயிற்று, அதிலிருந்த எறாவும் போயிற்று. இனி இன்று யாரும் இறங்கப்போவதில்லை. அவள் என் சேற்றுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், விடவில்லை.

பூங்காவனம் ஆற்றை இன்னொருமுறை நெடுகப் பார்த்தாள். "பெருசத்தான் புடிச்சிட்டாங்களே" என்று மெதுவாகச் சொன்னாள். சேலையைப் பிழிந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செரி, மழையில வந்து நின்னானே. கதவத் தொறந்தீங்களா இல்லியா?"

"திறந்தேன்."

"ஏன் தொறந்தீங்க!" என்றாள் சித்ரா.

"பொஸ்தகத்தக் குடுத்தீங்களா? அத எரிச்சிருக்கணும்" என்றாள் மேகலா.

"ஏய், டீச்சரச் சொல்ல வுடுங்கடி!"

சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூவரும் குறுக்கே பேசினார்கள், அவரைத் திட்டினார்கள், என்னையும் திட்டினார்கள். இரண்டு இடத்தில் நான் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினேன். யாரும் எழுந்து ஓடவில்லை.

வற்றம் முடிந்து தண்ணீர் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.